எழுதியவருக்கும் எடுத்துக் கொடுத்தவருக்கும்: வாசகர் நன்றி சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

15 வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் படித்துவிட்டு, எழுதியவருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டேன். "உங்கள் புத்தகம் மிக அருமை. மனதைத் தொட்டது. நன்றி." பத்து நாளில் பதில் வந்தது. அதுவும் அஞ்சலட்டைதான். முகவரியைத் தள்ளிவிட்டால் ஒரே வரி: "மகிழ்ச்சி. எந்தக் கதை?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு கிழவி, ஒரு பேருந்து நிலையம், மழை, இவ்வளவுதான் நினைவில் இருந்தது. கதையின் தலைப்பு போய்விட்டது. கிழவியின் பெயரும் போய்விட்டது. முதலில் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது, பாராட்டினால் இப்படியா பதில் போடுவார் என்று. அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது பிறகுதான் உறைத்தது. 12 கதை எழுதியவருக்கு அதில் எது போய்ச் சேர்ந்தது என்று வேறு யார் சொல்வார்கள்?

அந்த ஒரு வரிக் கேள்வியிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புத்தகங்களைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுகிறவர்களுக்கும், வாசகர் வட்டத்தில் எழுந்து பேசுகிறவர்களுக்கும் இரண்டு கடன் உண்டு. ஒன்று எழுதியவரிடம். இன்னொன்று, அந்தப் புத்தகத்தை நம் கையில் கொடுத்த சக வாசகரிடம். முதல் கடனை ஏதோ ஓரளவு அடைக்கிறோம். இரண்டாவது பெரும்பாலும் வாராக்கடன்.

முதல் படி: ஒரு நோட்டு

40 பக்க நோட்டு போதும். அலங்கார டைரி வேண்டாம், அதில் எழுதக் கை கூசும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று விஷயம் குறித்து வையுங்கள்: யார் சொல்லிப் படித்தேன், எந்தப் பக்கத்தில் நின்றேன், நின்றதால் என்ன ஆனது. என் நோட்டிலிருந்து ஒரு பதிவு:

"மார்ச் 9. தையல் கடை அண்ணன் கொடுத்தது. பக்கம் 61, மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த சேலையை அம்மா கடைசியில் தானே கட்டிக்கொள்ளும் இடம். படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன், காரணம் சொல்லவில்லை. பக்கம் 88இல் ஊர்ப்பெயர் மாறியிருக்கிறது."

மூன்றாவதாகச் சொன்னேனே, என்ன ஆனது என்று, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "பிரமாதமான நடை" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்த மாதிரித் தோன்றும். நடை பிரமாதம் என்று அவருக்குப் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நீங்கள் உங்கள் அம்மாவுக்குப் போன் செய்ததை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

நூலகப் புத்தகமாக இருந்தால் தயவுசெய்து பென்சில்கூட வேண்டாம். பேருந்துப் பயணச்சீட்டைக் கிழித்துப் பக்கத்தில் வைத்தால் போதும். திருப்பிக் கொடுக்கும் முன் அந்தச் சீட்டுகளைப் பார்த்து நோட்டில் ஏற்றிவிடலாம்.

இரண்டாம் படி: எழுத்தாளருக்குக் கடிதம்

தமிழில் இது பழைய பழக்கம்தான். இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படித்தால், இரண்டு எழுத்தாளர்கள் முதலில் எவ்வளவு நல்ல வாசகர்களாக இருந்தார்கள் என்பது தெரியும். வண்ணதாசனின் கடிதங்கள் தனி நூலாகவே வந்திருக்கின்றன. டி.கே. சிதம்பரநாத முதலியாருக்கு ஊர் கொடுத்த பட்டமே ரசிகமணி. ரசித்ததற்காக ஒரு மனிதருக்குப் பட்டம் கொடுத்த ஊர் நம்முடையது. கடிதம் எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படித்த அன்றே எழுத வேண்டாம். அன்றைக்கு எல்லாமே உச்சத்தில் இருக்கும், எல்லா வாக்கியமும் ஆச்சரியக்குறியில் முடியும். ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகும் மனதில் கிடப்பது எதுவோ அதை எழுதுங்கள். ஒரு மாதம் தாண்டினால் எழுத மாட்டீர்கள், என்னைப் போல.

விளிப்பதற்கு "அன்புள்ள" என்று தொடங்கிப் பெயரைப் போட்டு "அவர்களுக்கு, வணக்கம்" என்று முடித்தால் யாருக்கும் பொருந்தும். ஐயாவா அம்மாவா என்று ஊகிக்கப் போகாதீர்கள். சுஜாதா என்ற பெயரில் எழுதியவர் ரங்கராஜன் என்பது தெரியாமல் 'சகோதரி' என்று ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! வயதில் இளையவராக இருந்தாலும் 'தம்பி' வேண்டாம். அவர் புத்தகத்துக்கு முன்னால் நீங்கள்தான் கை கட்டி நின்றீர்கள்.

இனி உள்ளடக்கம். நான் இப்போது அந்தப் பழைய அட்டையைத் திருப்பி எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள ........ அவர்களுக்கு, வணக்கம். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். உங்கள் தொகுப்பின் நான்காவது கதையில், கிழவி கடைசிப் பேருந்தை வேண்டுமென்றே விடுகிறாள். ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் வங்கிக்கு முதியோர் உதவித்தொகை வாங்க வரும் ஒரு பாட்டி, வேலை முடிந்த பிறகும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே இருப்பார். போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. நன்றி."

இதில் பாராட்டு என்று ஒரு சொல் கிடையாது. தான் யார் என்று ஒரு வரி, புத்தகத்தில் எந்த இடம், தன் வாழ்க்கையில் எந்த இடம், அவ்வளவுதான். ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். விலை 50 காசு. கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல இருந்தால் 2 ரூபாய் 50 காசுக்கு உள்நாட்டுக் கடிதம் இருக்கிறது. அதற்கும் மேல் போனால் நீங்கள் கட்டுரை எழுதுகிறீர்கள் என்று அர்த்தம், அதை வேறு இடத்தில் வையுங்கள். மின்னஞ்சலில் எழுதினாலும் இந்த அளவையே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதக் கூடாதவை கொஞ்சம் உண்டு. உங்கள் கவிதைகளை உடன் இணைக்காதீர்கள், இணைத்த நொடியில் அது விண்ணப்பம் ஆகிவிடும். "உங்களைப் போல் இன்றைக்கு யார் எழுதுகிறார்கள்" என்று ஊரையே திட்டி ஒருவரைப் புகழாதீர்கள். அந்த ஊரில் அவருடைய நண்பர்களும் இருக்கிறார்கள். "அடுத்த நாவல் எப்போது?" என்ற கேள்வி ஆசையாகத்தான் வருகிறது, ஆனால் வாங்குகிறவருக்கு அது வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிற மாதிரி. தொலைபேசி எண் கேட்காதீர்கள். இலவசப் பிரதி கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எழுத்துப் பிழைகளைச் சொல்லலாமா? தாராளமாக. பக்கம், வரி, இருக்கிற வடிவம், இருக்க வேண்டிய வடிவம் என்று ஒரு தனித் தாளில் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். மறுபதிப்பில் திருத்தப்பட்டால் அந்தப் புத்தகத்தில் உங்கள் வேலையும் கொஞ்சம் இருக்கும். நன்றிக் கடிதத்திலேயே "அருமை, ஆனால் 14 பிழைகள்" என்று சேர்த்து எழுதினால், அவர் மனதில் 14 மட்டும்தான் நிற்கும்.

மூன்றாம் படி: முகவரி

புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் பதிப்பு விவரம் இருக்கும். எழுத்தாளர் முகவரி கொடுத்திருந்தால் அங்கேயோ முன்னுரையின் முடிவிலோ இருக்கும். இல்லாவிட்டால் எழுத்தாளர் பெயர், அடுத்த வரியில் மே/பா (மேற்பார்வை) என்று போட்டுப் பதிப்பகத்தின் முகவரி. பெரும்பாலான பதிப்பகங்கள் சேர்த்து வைத்தாவது கொடுத்துவிடுவார்கள். யாரிடமாவது வீட்டு முகவரியை விசாரித்து வாங்கிக்கொண்டு திடீரென்று போய்க் கதவைத் தட்டுவது மட்டும் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் இரண்டாவது முறை நினைவூட்டவும் வேண்டாம்.

நான்காம் படி: காசு

இது கொஞ்சம் கசப்பான இடம். புத்தக விலையில் 10 சதவீதம் என்பது ராயல்டியாக இங்கே வழக்கமாகப் பேசப்படும் கணக்கு. 250 ரூபாய்ப் புத்தகத்தில் 25 ரூபாய். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் நமக்குக் கிடைக்கிற 10 சதவீதக் கழிவும் அதே 25 ரூபாய்தான். அதாவது, எழுதியவருக்கு ஒரு பிரதியில் கிடைக்கக்கூடியதும், வாங்கியவர் மிச்சம் பிடித்து அரங்குக்கு வெளியே பஜ்ஜி தின்பதும் ஒரே தொகை. அந்த 25 ரூபாயும் எல்லோருக்கும் ஒழுங்காக வந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை.

எனவே, பிடித்த புத்தகத்தைப் பற்றி எழுதிய பிறகு "பிடிஎஃப் இருக்கா?" என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? நான் பதிப்பகத்தின் பெயரையும் விலையையும் மட்டும் அனுப்புகிறேன். கேட்டவர் மாணவர் என்றால் என் பிரதியைத் தபாலில் அனுப்பிப் படித்துவிட்டுத் திருப்பச் சொல்கிறேன். பாதி திரும்பி வரும். பரவாயில்லை, அந்த நஷ்டம் என்னுடையது, எழுத்தாளருடையது இல்லை.

பழைய நூல்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கிய படைப்புகளும் நிறைய. பாரதியின் எழுத்துக்கு 1949லேயே அது நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள் இன்றும் எல்லோருக்கும் இலவசம். அங்கே ஒரு நூலை இறக்கிப் படித்தால், கோப்பின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்கள் இருக்கும். அதைத் தாண்டி ஓடாமல் ஒரு முறை படித்துவிட்டு மேலே போங்கள்.

நூலகத்தில் எடுத்துப் படிப்பதும் நல்ல காரியம்தான். எடுக்கப்படாத புத்தகம் அலமாரியில் கீழ்த்தட்டுக்கு இறங்கி, அப்புறம் மூட்டைக்குள் போய்விடும். நூலகத்தில் இல்லாத புத்தகத்தை நூலகரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஒரு பெயர் காதில் விழும்.

ஐந்தாம் படி: எடுத்துக் கொடுத்தவர்

1880. கும்பகோணம் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. முதலியாரே ஒரு பிரதியையும் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து, 1887இல், ஐயர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஒரு சக வாசகர் "இதைப் படித்தீர்களா?" என்று கேட்டதில் தொடங்கியது.

ஐயர் அதை மறைக்கவில்லை. தன் வரலாற்றில் அந்தச் சந்திப்பை விரிவாக எழுதி வைத்தார். ஏடு கொடுத்தவர்கள் பெயரைப் பதிப்பு முகவுரைகளில் குறித்தார். கல்லூரி வேலை கிடைக்கக் காரணமாக இருந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் திருவல்லிக்கேணியில் தான் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். நாம் வீட்டுக்குப் பெயர் வைக்க வேண்டாம். குறிப்பின் முதல் பத்தியில் ஒரு பெயரைப் போடலாம் அல்லவா?

நானே போடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா உண்டு. அதிகம் பேச மாட்டார். ஒரு கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, "இந்த நாவல்ல யாருமே உக்காந்து சாப்பிடலை, கவனிச்சீங்களா தம்பி?" என்றார். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். உண்மை. 300 பக்கத்தில் எல்லோரும் நின்றபடி, நடந்தபடி, அடுப்படியில் வழித்தபடிதான் சாப்பிடுகிறார்கள். அதை வைத்தே ஒரு குறிப்பு எழுதினேன். அதற்குக் கிடைத்த பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அடுத்த மாதம் அக்கா சொன்னார்: "நல்லா வந்திருந்துச்சு தம்பி. அந்தச் சாப்பாட்டு விஷயம்தான் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குக் கொடுத்த வடை இறங்கவில்லை.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட முறை இது. ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதினால் அதை எனக்குச் சொன்னவர் பெயர் தொடக்கத்திலேயே வரும், கடைசி வரியில் போனால் போகட்டும் என்று வராது. ஒரு கருத்து வேறொருவருடையது என்றால் அந்தக் கருத்து வரும் அதே வாக்கியத்தில் அவரும் வருவார். பொத்தாம்பொதுவாக "நண்பர்களுக்கு நன்றி" என்று போடுவதை விட்டுவிட்டேன், அதில் யாருக்கும் எதுவும் போய்ச் சேருவதில்லை.

அச்சிடும் முன் கேட்டுக்கொள்வது முக்கியம். எல்லோரும் தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்புவதில்லை, அதற்கு அவரவர் வீட்டில் ஆயிரம் காரணம். அக்காவிடம் கேட்டேன், "பேர் போடலாமாக்கா?" கொஞ்சம் யோசித்தார். "பேரு வேண்டாம் தம்பி. மருந்துக்கடைன்னு போடு, தெரியவேண்டியவங்களுக்குத் தெரியும்." அதனால்தான் இங்கேயும் மருந்துக்கடை.

எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு பிரதியைக் காட்டுங்கள். அவர் சொல்லிப் படித்தது பிடிக்காமல் போயிருந்தாலும் சொல்லுங்கள். "நீங்க சொன்னதால்தான் படிச்சேன், எனக்கு ஒட்டலை, 80ஆம் பக்கத்தோட நின்னுட்டேன்" என்பதும் மரியாதைதான். சொல்லாமலே இருந்துவிட்டால் அடுத்த புத்தகத்தை அவர் உங்களிடம் நீட்டும்போது கை ஒரு நொடி தயங்கும். இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? சரி, சொல்லிவிடுகிறேன்: திருப்பிக் கொடுங்கள், உங்கள் பேத்தி அட்டையில் கிறுக்கியிருந்தாலும்.

நம்மைப் போலவே எழுதுகிற மற்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு புத்தகத்தைப் பற்றி எழுத உட்காரும் முன் அதைப் பற்றி ஏற்கெனவே நன்றாக எழுதியவர் யார் என்று தேடிப் படியுங்கள். அவர் சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்லாமல், அவரைக் காட்டிவிட்டு, அங்கிருந்து மேலே போங்கள். க.நா. சுப்ரமண்யம் பிறருடைய புத்தகங்களை அறிமுகப்படுத்தி எழுதியது கொஞ்சமல்ல. சி.சு. செல்லப்பா எழுத்து பத்திரிகையை 1959இல் தொடங்கி நடத்தியதோடு, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இவர்கள் காட்டிப் படித்தவர்கள் எத்தனையோ பேர், காட்டியவர் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேரோ.

ஆறாம் படி: சும்மா வந்த புத்தகம்

பத்திரிகைகளில் மதிப்புரைக்கு இரண்டு பிரதி கேட்பது வழக்கம். எழுத இடமில்லாதபோது 'வரப்பெற்றோம்' என்று ஒரு பட்டியலில் தலைப்பை மட்டும் போடுவார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். வாங்கிக்கொண்டோம், நன்றி, தீர்ப்பு கிடையாது. எழுத்தாளரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய புத்தகம் உங்களுக்குப் பிடிக்காமல் போனால் அதையே செய்யுங்கள். கிடைத்தது என்று அன்றே தெரிவியுங்கள். படித்தபின், எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் உள்ளதை எழுதுங்கள், புத்தகம் இலவசமாக வந்தது என்பதையும் சேர்த்து. நன்றிக்காகப் பொய்யாகப் புகழ்ந்தால், நீங்கள் அடுத்து மனதாரப் புகழப்போகிற எழுத்தாளருக்கு அது நஷ்டம். அந்தப் பாராட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏழாம் படி: நேரில், மற்றும் மறந்துபோனவர்கள்

கண்காட்சியில் எழுத்தாளரைப் பார்த்தால் பெயர், ஊர், ஒரு பக்கம், இவ்வளவு போதும். பின்னால் வரிசை நிற்கும். "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டு அவரைப் பரீட்சையில் உட்கார வைக்காதீர்கள். படம் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அவருடைய புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எடுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரையும் தேடுங்கள். மராத்தியில் எழுதிய காண்டேகர் நம் பாட்டிமார் வீட்டு அலமாரி வரை வந்தது கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் தமிழால். காண்டேகர் பெயர் நினைவிருக்கிற பலருக்கு அவர் பெயர் நினைவில்லை. அட்டைப்படம் வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர் இவர்களுக்கும் கடிதம் வரலாம். என் நண்பர் ஒருவர் ஒரு மெய்ப்புத் திருத்துநருக்கு எழுதினார், 400 பக்கத்தில் ஒரு பிழைகூட அகப்படவில்லை என்று. அந்தக் கடிதத்தை அவர் வேலை செய்யும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாராம்.

எட்டாம் படி: தாமதமாகிவிட்டால்

"எந்தக் கதை?" என்று கேட்டவருக்கு நான் பதில் போடவே இல்லை. வெட்கம். பல வருடம் கழித்துப் பழைய புத்தகக் கடையில் அதே தொகுப்பு கிடைத்தது. நான்காவது கதை. அதற்குள் அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மேலே எழுதிக் காட்டிய அட்டையை அப்போதுதான் எழுதினேன். பதிப்பகத்துக்கு அனுப்பி, குடும்பத்தார் யாராவது இருந்தால் சேர்க்கும்படி ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன். போய்ச் சேர்ந்ததா, தெரியவில்லை. அந்தக் கதையை எங்கள் வாசகர் வட்டத்தில் சத்தமாக வாசித்தேன். மருந்துக்கடை அக்கா, "கிழவி பேரு என்ன?" என்று கேட்டார். இந்த முறை சொல்ல முடிந்தது. காத்தாயி.

அஞ்சலட்டை வாங்கும்போது பத்தாக வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து ரூபாய்தான். சில தபால் நிலையங்களில் இருப்பு இல்லை என்பார்கள். அடுத்த வாரம் போய்த் திரும்பக் கேளுங்கள்.